கிணறும் நீலக் கோடும்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. வழக்கம்போல் பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினேன். டிகாக்ஷன் இறங்குவதற்குள், முந்தின நாள் அரிசி களைந்து வைத்திருந்த தண்ணீரைப் பால்கனித் தொட்டிகளுக்கு ஊற்றினேன். பிறகு காபியோடு மேசைக்கு வந்து டைரியைத் திறந்தேன். நான் டைரியை இரவில் எழுதுவதில்லை, மறுநாள் காலையில்தான் எழுதுவேன். இரவில் எழுதினால் அன்றைய கோபமும் சேர்ந்து பதிவாகிவிடுகிறது. காலையில் எழுதினால் நடந்தது மட்டும் மிஞ்சுகிறது. முதல் வரி எப்போதும் வானிலை. 'நேற்று மாலை நல்ல மழை. இடியும் இருந்தது' என்று எழுதினேன். அடுத்து, அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகள். அதில் ஒன்றுதான் இருந்தது: கிணற்றை மூடுவது.

எங்கள் குடியிருப்பு சந்தாபுராவில், ஒசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான்கு மாடி. பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். நாங்கள் திருப்பத்தூர் பக்கம். என் வேலைக்காகத்தான் பல வருடங்களுக்கு முன் இங்கே வந்தோம். பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியில் லேபிள் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, எந்தத் தேதியில் செய்தது, எப்போது வரை வைத்திருக்கலாம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. 'மி.கி.' என்ற இரண்டு எழுத்து அச்சாகாமல் போனதற்காக, ஏற்றிய சரக்கை வண்டியிலிருந்து இறக்க வைத்திருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் சமையலறையில் பெயர் எழுதாத டப்பாவே கிடையாது. "என் முதுகுல மட்டும்தான் இன்னும் ஒட்டல" என்பார் என் கணவர்.

குடியிருப்பின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் அந்தக் கிணறு. கட்டடம் வருவதற்கு முன்பு இங்கே தோட்டம் இருந்ததாம், அப்போது வெட்டியது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று மேலே கடப்பா கற்களைப் பரப்பி, நடுவில் ஒரு இரும்பு மூடி வைத்திருந்தார்கள். அந்த வருடம் மார்ச்சில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தபோது எங்கள் போர்வெல்லும் கைவிட்டது. கிணற்றைத் திறந்து பார்த்தால் அடியில் சேறு. டேங்கர் எப்போது வரும் என்று எல்லோரும் ஜன்னலிலேயே நின்றோம்.

அதில் மற்றவர்களுக்குக் கஷ்டம், ஒருவருக்கு மட்டும் பிழைப்பே போனது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் இட்லி மாவு அரைத்து விற்பார். தருமபுரிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர்தான் என்றாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் மாவக்கா. கணவர் இல்லை. மகள் ஆனேக்கல்லில் டிப்ளமோ படிக்கிறாள். மாவு வியாபாரத்தில் அரைப்பதைவிடக் கழுவுவதுதான் அதிகம்: அரிசி, உளுந்து, கிரைண்டர், டிரம், தரை. டேங்கர் தண்ணீரில் அரைத்த மாவு ஒரு மாதிரி வாடை அடித்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஊருக்கே போய்விடலாம் என்று கிளம்பியவரைப் பிடித்து வைத்தது அந்தக் கிணறுதான்.

எப்படியென்றால், மே மாதம் மூன்றாவது மாடி சாஃப்ட்வேர் தம்பி ஒரு யோசனை சொன்னான். மொட்டைமாடியில் விழும் மழைத் தண்ணீரை வடிகட்டி கிணற்றுக்குள் விடலாம், ஒரு மழைக்காலம் போனதும் நிலத்தடியில் நீர் ஊறும் என்றான். குழாய் போட்டோம். அவனே ஒரு சின்னக் கருவி செய்து இரும்பு மூடியில் பொருத்தினான். சின்னதாக ஒரு சோலார் தகடு, ஒரு சிம் கார்டு. கிணற்று நிலவரத்தைக் கருவி நாள் முழுவதும் போனுக்கு அனுப்பும். ஒரு லிங்கைத் தட்டினால் அழகான நீலக் கோடாகத் தெரியும். "மூடியை மட்டும் யாரும் திறக்காதீங்க ஆன்ட்டி, ரீடிங் மாறிடும்" என்று சொல்லிவிட்டு ஜூலையில் அவன் ஆன்சைட் வேலைக்கு ஜெர்மனி போய்விட்டான். நாங்களும் சொன்ன பேச்சைக் கேட்டோம். ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடு இறங்கிக்கொண்டே வந்தது.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டம். எங்கள் செயலாளர் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய் முடிப்பார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அந்தக் கோட்டைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் நீலக் கோடு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பத்து, எட்டு, ஆறு, நாலு, இரண்டு, பூஜ்யம். கீழே சில புள்ளிகள். அவ்வளவுதான்.

"நோடி, பாருங்க, மே மாசம் எங்க இருந்துச்சு? இங்க, பத்து கிட்ட. ஈக எங்க இருக்கு? இங்க, ரெண்டு கிட்ட. ஆய்த்து, முடிஞ்சுது. இனிமே இந்தக் கிணத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மூடினா ரெண்டு கார் நிக்கும்."

மாவக்கா எழுந்தார். "அது எப்டி சார்? போன மாசம் பேஞ்ச மழைக்கு என் வாசப்படி வரைக்கும் தண்ணி ஏறுச்சு. கெணத்துக்குள்ள மட்டும் எறங்கலையா?"

"அக்கா, பக்கத்து பில்டிங்ல ரெண்டு போர் போட்டிருக்கான். அடியிலேயே எல்லாத்தையும் உறிஞ்சிடறான். நீங்க நம்பலைன்னாலும் கிராஃப் பொய் சொல்லாது."

"கிராஃபு எங்க சார் சொல்லுது? நீங்கதான சொல்றீங்க!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் செயலாளர் கை தூக்கச் சொன்னார், தூக்கினோம். நானும் தூக்கினேன். நீலக் கோடு அவ்வளவு தெளிவாக இறங்கியிருந்தது. மாவக்கா மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மறுநாளே வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். அவர் வாசலில் 'டு லெட்' பலகை தொங்கியது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கட்டட இடிபாடுகளை ஏற்றிய லாரி காலையிலேயே வரும், வேலையை மேற்பார்வை பார்க்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் டைரியில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்க நினைத்தேன். 'இன்று கிணறு மூடப்பட்டது. கடைசி நீர்மட்டம்...' போனை எடுத்து லிங்கைத் தட்டினேன். கோட்டின் நுனியைத் தொட்டதும் 2.1 என்று காட்டியது. '2.1' என்று எழுதினேன்.

பேனா அங்கேயே நின்றது. இரண்டு புள்ளி ஒன்று, எது?

அடியா, மீட்டரா? திரையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தேன். எங்கும் இல்லை. மேலே தலைப்பு இல்லை. ஓரத்தில் இருக்கும் எண்கள் எதை அளக்கின்றன என்று இல்லை. கீழே இருக்கும் புள்ளிகளில் எது எந்த மாதம் என்றும் இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு பாட்டில் என் மேசைக்கு வந்திருந்தால் மூடியைக்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆறு மாதமாக இதைத் தினமும் பார்த்திருக்கிறேன், கையும் தூக்கியிருக்கிறேன்! தம்பிக்கு மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

அளவு தெரியாமல் எழுதவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. இரண்டு விரலால் கோட்டைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கோட்டின் வலது ஓரத்தில், அதாவது நேற்றைக்கு, ஒரு படி. மாடிப்படிபோல் கோடு சட்டென்று கீழே இறங்கியிருந்தது. நேற்று மாலைதானே மழை பெய்தது! சற்று முன்தானே அதை என் கையால் எழுதினேன்?

கோட்டைப் பின்னால் நகர்த்தினேன். அதற்கு முன் நாலைந்து நாட்களாக மழையே இல்லை. அங்கே கோடு மெல்ல, மிக மெல்ல, மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பின்னால் போனேன். ஓரிடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்ததுபோல் செங்குத்தாக இறங்கியிருந்தது. அக்டோபரில் மாவக்கா வாசல் வரை தண்ணீர் வந்த அந்த வாரமாகத்தான் இருக்க வேண்டும்.

மழை பெய்தால் இறங்குகிறது. வெயில் அடித்தால் ஏறுகிறது. உலகத்தில் எந்தக் கிணறு இப்படி நடக்கும்?

கருவி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். மூடியில்! அடியில் இல்லை, மேலே, மூடியில். மேலே தொங்கிக்கொண்டு கீழே பார்க்கிற ஒன்று எதை அளக்க முடியும்? தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான்! தூரம் குறைந்தால் கோடு இறங்கும். தூரம் குறைந்தால் தண்ணீர்...

டைரியை மூடவில்லை. பேனாவுக்கு மூடி போடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. "இட்லி ஊத்தி வெச்சிருக்கேன், அடுப்பைப் பாத்துக்குங்க" என்று கணவரிடம் கத்திவிட்டு, லிஃப்டுக்கும் காத்திருக்காமல் படியில் ஓடினேன்.

கீழே வந்தால் லாரி ஏற்கெனவே பின்பக்கம் போய்விட்டது. ஓட்டுநர் சிவாஜிநகர்க்காரர். ஜன்னலில் தலையை நீட்டிச் செயலாளருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அரே சார், ஸ்லாப் ஒடைக்கிற வேலையே வேணாம். ரிவர்ஸ் எடுத்து மேலேயே கொட்டிடறேன். லோடு வெயிட்டுக்கு அந்தக் கல்லு தானா ஒடைஞ்சு உள்ள போய்டும். காம் கதம், வேலை முடிஞ்சுது."

"அதான் சரி. வாங்க, வாங்க!" என்று செயலாளர் கையை ஆட்டினார்.

லாரி பீப் பீப் என்று பின்னால் நகர ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் லாரிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை தூக்கிய அதே கை.

"அய்யோ மேடம்! லாரிக்குப் பின்னால போய் நிக்கறீங்களே! தள்ளுங்க, தள்ளுங்க!"

"சார், ரெண்டு புள்ளி ஒண்ணுன்னா என்ன?"

"ஏனு?"

"கிராஃப்ல ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு காட்டுதே. அது அடியா, மீட்டரா? எதோட அளவு அது?"

"மேடம், லாரி நிக்குது. இப்ப வந்து கணக்குப் பரீட்சை வெக்கிறீங்களே!"

"கோடு ஏறினா என்ன அர்த்தம், எறங்கினா என்ன அர்த்தம்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

"இதுல எழுத என்ன இருக்கு? ஏறினா ஜாஸ்தி, எறங்கினா கம்மி. எல்.கே.ஜி. கொழந்தைக்கும் தெரியும்."

"எது ஜாஸ்தி, எது கம்மி?"

லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "மேடம் கேக்கறதுல என்னமோ இருக்கு சார்" என்றார்.

நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்குக் கோடு இறங்குவது, வெயிலுக்கு ஏறுவது, கருவி மேலே இருப்பது. செயலாளர் போனை எடுத்து அவரும் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனாலும், "கருவி கெட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்றார். அது நியாயமான கேள்விதான். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஒருவேளை நான் தவறாக இருந்தால், ஒரு லாரியை நிறுத்தி ஊரைக் கூட்டிய பெயர்தான் மிஞ்சும்.

மூடியின் நட்டு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஆனால் மழைக் குழாய் உள்ளே போகும் இடத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. ஒரு கூழாங்கல்லை எடுத்துப் போட்டேன். அது குழாயில் பட்டு 'டங்' என்று வெளியே எகிறி வந்தது. இன்னொன்றை எடுத்தேன். இந்த முறை முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, நேராகப் பார்த்துப் போட்டேன்.

க்ளுக்.

கல்லை விட்ட விரலை மடக்குவதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது. அவ்வளவு கிட்டத்தில்! யாரோ காதுக்குப் பக்கத்தில் தண்ணீர் குடித்ததுபோல் மடக்கென்ற, நிறைந்த சத்தம்.

"தண்ணி! மேடம், தண்ணி! இதோ கையில இருக்கு!" என்று லாரி ஓட்டுநர்தான் முதலில் கத்தினார். கதவைத் திறந்து குதித்து, சீட்டுக்கு அடியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கிணற்றை மூட வந்தவர் எங்கள் எல்லோரையும்விட வேகமாக அதைத் திறக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு மாவக்கா வந்தார். முழங்கை வரை மாவு. "என்ன, மூடியாச்சா?" என்று கேட்டார். நட்டு கிறீச்சிட்டுக் கழன்றது. மூடியை இரண்டு பேராகத் தூக்கினார்கள். நாங்கள் நாலு பேரும் குனிந்தோம்.

கீழே நாலு தலை எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் வானம், அதில் ஒரு துண்டு வெள்ளை மேகம்.

மாவக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மாவு முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அடுத்த நிமிடமே செயலாளர் பக்கம் திரும்பினார். "என் காலுக்குக் கீழயே இத்தன தண்ணிய வெச்சிக்கினு, என்னை டேங்கருக்கு டிரம்மைத் தூக்கினு நிக்க வெச்சீங்களே சார்! நல்லாருப்பீங்களா!" திட்டிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கண்ணிலும் மாவு பட்டு எரிச்சல் வேறு.

"க்ஷமிஸி அக்கா" என்று செயலாளர் இரண்டு கையையும் கூப்பினார். "உங்க கேள்விக்கு அன்னிக்கே நான் இங்க வந்து எட்டிப் பாத்திருக்கணும்."

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. லாரி ஓட்டுநரின் கயிற்றில் ஸ்பேனரையே கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். தண்ணீரைத் தொட்ட இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூடி இருந்த உயரத்திலிருந்து மாவக்கா மகளின் தையல் டேப்பால் அளந்தேன். ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதை மீட்டராக மாற்றிப் பார்த்தேன்.

இரண்டு புள்ளி ஒன்று!

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன். கருவி கெடவில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல், சரியாக, மிகச் சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எதைப் பற்றிச் சொல்கிறது என்றுதான் யாரும் கேட்கவில்லை. மே மாதத்தில் கிட்டத்தட்டப் பத்து மீட்டர் ஆழத்தில் சேறாகக் கிடந்த கிணறு, எங்கள் மொட்டைமாடி மழையைக் குடித்துக் குடித்து இத்தனை உயரம் ஏறி வந்திருக்கிறது. அது ஏற ஏற, நாங்கள் கோட்டைப் பார்த்து 'ச்சூ' கொட்டியிருக்கிறோம்.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் தம்பி கூப்பிட்டான். தூக்கம் கலையாத முகம். "என்ன ஆன்ட்டி, காலங்காத்தால யூனிட் கேட்டு மெசேஜ்? அது மீட்டர். சென்சார்லேர்ந்து தண்ணி வரைக்கும் இருக்கற தூரம்."

போனைக் கிணற்றுக்குள் திருப்பிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "வாவ்! நிரம்பிடுச்சா! சூப்பர் ஆன்ட்டி! மோட்டார் போட்டாச்சா?"

"மோட்டாரா? கிணத்த மூட லாரி வந்து நிக்குதுப்பா."

"மூடவா? ஏன்?"

"கோடு எறங்குதே, அதான்."

அவன் மெதுவாக, "எறங்கினா நல்லதுதானே ஆன்ட்டி" என்றான்.

"அதை அதுலயே எழுதியிருக்கக் கூடாதா தம்பி?"

"எனக்குத் தெரியுமே ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டான். மாவக்கா போனைப் பிடுங்கி, "ராசா, நீ எப்ப ஊருக்கு வர? வா, உனக்கு இருக்குது" என்றார். "அடியா அக்கா?" என்று அவன் கேட்க, "மொதல்ல அடி. அப்புறம் இட்லி" என்றார்.

லாரி ஓட்டுநர் ஏற்றிவந்த சரக்கோடு அப்படியே திரும்பிப் போனார். கிளம்பும்போது, "இந்த மாதிரி கொட்டாத லோடு என் சர்வீஸ்லேயே கெடையாது மேடம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மாவக்கா அவர் கையில் ஒரு பாக்கெட் மாவைத் திணித்தார்.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு இறங்கும் கோட்டைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து தண்ணீரைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது, புது மோட்டார் போடுவது, கல்லுக்குப் பதிலாகக் கம்பி வலை போடுவது என்று செயலாளர் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு ஒரே வேலை: எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு கிராஃப் வரைந்து கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுவது. "மேடம், என் மாதிரி ஆளுக்கும் புரியணும்" என்றார்.

"பெரிய அட்டை வேணுமே" என்றேன். மாவக்கா உள்ளே போனார். வாசலில் தொங்கிய 'டு லெட்' பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்குது. வீட்டுக்காரர் கிட்ட பேசிட்டேன். நான் எங்கயும் போவல" என்று என் கையில் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே, அந்தப் பலகையின் பின்பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கோட்டை வரையவில்லை. முதலில் உச்சியில் தலைப்பை எழுதினேன்: 'பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.' இடது ஓரத்தில், 'மூடியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம், மீட்டரில்' என்று எழுதிவிட்டு, பூஜ்யத்தை மேலேயும் பத்தைக் கீழேயும் வைத்தேன். இனி தண்ணீர் ஏறினால் கோடும் ஏறட்டும். எண்களுக்கு நடுவில் ஸ்கேல் வைத்து ஒரே அளவு இடைவெளி விட்டேன். அடியில் மே, ஜூன் என்று ஒவ்வொரு மாதமும், ஓரத்தில் வருடமும். மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, நீலக் கோடு கிணறு, பச்சைக் குச்சி மழை பெய்த நாள் என்று குறித்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, அளப்பது மூடியில் இருக்கும் கருவி என்றும், சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். கன்னடத்தில் எழுதுவதற்குச் செயலாளருக்குப் பாதி இடம் விட்டேன். வரைந்தவருக்கு இவை எதுவுமே தேவையில்லை, அவருக்குத்தான் தெரியுமே! அவர் பக்கத்தில் இல்லாத நாளில் வந்து பார்க்கிறவருக்காகத்தான் இத்தனையும். என் பாட்டில்களில் இத்தனை வருடம் ஒட்டியதும் அதற்காகத்தான். அந்தக் காலைக்குப் பிறகு, பேப்பரிலோ டிவியிலோ எந்தக் கோடு ஏறினாலும் இறங்கினாலும், சந்தோஷப்படுவதற்கும் பயப்படுவதற்கும் முன்னால் அதன் ஓரங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று என் கண் தானாகவே தேடுகிறது.

கீழே மாவக்காவின் கிரைண்டர் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் நீலப் பேனாவைத் திறந்தேன்.